வீட்டில் வேறு பெரியவர் உண்டா

நாற்காலிகளை நானே உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்கினேன். நாற்பத்திரண்டு நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். பணியாளர் நல அதிகாரி என்று பலகை மாட்டிக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் என் இழுப்பறையிலிருந்து எடுத்த தாளைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன்.

இரண்டு வருடம் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். வேலை என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் சட்டை. கேமராவுக்குத் தெரிகிற சுவரை மட்டும் துடைத்து வைத்துக்கொள்கிற ஜென்மங்கள். அந்த இரண்டு வருடமும் இந்த ஆபீசுக்குத் தினமும் வந்து, விளக்கைப் போட்டு, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான் ஒருவன்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

எல்லோரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும், ஆனால் யாருக்கும் கஷ்டம் இருக்கக்கூடாது என்றார் இயக்குநர். அதற்காக ஒரு படிவம் தயாரித்தேன். அதில் மூன்றாவது கேள்விதான் முக்கியம்: 'பகலில் வீட்டில் உங்களைத் தவிர வேறு பெரியவர் உண்டா?' உண்டு என்றால் வீட்டைக் கவனிக்க ஆள் இருக்கிறது, ஆபீசுக்கு வரலாம். இல்லை என்றால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இதைவிட நியாயமாக யாரால் யோசிக்க முடியும்?

ஆளாளுக்குச் சாக்கு எழுதினார்கள். ஒருவனுக்கு லிஃப்டில் ஏறினால் மூச்சு முட்டுமாம். இன்னொருத்திக்குப் புறா என்றால் ஒவ்வாமையாம், ஆபீஸ் ஜன்னலில் புறா உட்காருகிறதாம். எனக்கே காது குத்தப் பார்த்தார்கள். இயக்குநரின் மச்சினன் தன் பூனைக்குப் பிரசவம் நெருங்குகிறது என்று எழுதியிருந்தான். அவனுக்கு மூன்று மாதம் கொடுத்தேன். அது வேறு விஷயம்.

அந்தப் பெண்ணைத் தாளக்காரி என்று சொல்வோம். காரணம் இருக்கிறது. அவளுடைய அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பேச்சு கிடையாது, இடது கை மட்டும் அசையும். அந்தக் கையில் ஒரு கரண்டி. கட்டிலின் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நிற்காமல் தட்டினால் தொண்டையில் சளி அடைக்கிறது என்று அர்த்தம், உடனே கருவியை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? படித்தேன். என் வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்கிறவன் நான்.

ஒருமுறை வீடியோ கூட்டத்தில் என் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் டக், டக் என்று சத்தம். "சார் பேச்சுக்குத் தாளம் போடறாங்கப்பா" என்றான் ஒருத்தன். நாற்பது சதுரங்களிலும் பல்லைக் காட்டினார்கள். இயக்குநரும் சிரித்தார். தாளக்காரி மட்டும் சிரிக்கவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்காமல் எழுந்து ஓடிவிட்டாள். அதை மனதில் வைத்துத்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு அற்பன் இல்லை நான்.

மூன்றாவது கேள்விக்கு அவள் எழுதிய பதில், 'உண்டு. அம்மா.' கூடவே இரண்டு தாள்களைக் குத்தி அனுப்பியிருந்தாள். ஒன்று மருத்துவரின் கடிதம், மற்றது கரண்டிக் கதை. என் படிவத்தில் இணைப்புக்கு இடமே கிடையாது. ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டேன். மருத்துவரின் கடிதத்தைக் கிழித்தேன். மற்றதை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன், கையெழுத்து அழகாக இருந்தது. நீங்கள் எடுத்தது அதைத்தான். 'வீட்டில் துணை உண்டு' என்று குறித்து ஆபீசுக்கு வரச் சொன்னேன்.

அவள் வந்தாள். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தாள், கட்டிலுக்கு மேலே கேமரா மாட்டினாள், அதைப் போனில் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். இது வேலைக்குச் சரிப்படாது. எல்லோருடைய கவனத்துக்கும் உதவியாக இருக்கட்டும் என்று, வாசலில் ஒரு அலமாரி வைத்துப் போன்களை வாங்கிப் பூட்டினேன். முனகினார்கள். அவர்கள் முனகாத நாள் எது?

அந்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவள் என் அறைக்கு வந்தாள்.

"சார், அம்மாவைப் பாத்துக்கிற அக்கா இன்னிக்கு சீக்கிரம் கிளம்பிட்டாங்க. நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

"நாலு மணிக்கு என் பேச்சு இருக்கேம்மா. எல்லாரும் இருக்கணும்."

"அப்ப போனையாவது குடுங்க சார். பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட சாவி இருக்கு. அம்மா விடாம தட்டினாங்கன்னா ஒரு போன் பண்ணினா போதும், அவர் ஓடிப் போய்ச் சளியை எடுத்துடுவார்."

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. போனை என் மேசையில வச்சுக்கறேன், நானே பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா போய் வேலையைப் பாருங்க."

அவள் கண் கலங்கிவிட்டது. அந்த அண்ணனின் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதி என் முன்னால் வைத்தாள். "ரொம்ப நன்றி சார். உங்களைப் போய்த் தப்பா நெனச்சிட்டேன்" என்றாள்.

மூன்று நாற்பதுக்குப் போனில் தட்டும் சத்தம் ஆரம்பித்தது. நான் என் பேச்சை ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடும்பப் பொறுப்பு உள்ள பணியாளர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்பது தலைப்பு. ஒரு தட்டா, இரண்டா என்று கவனித்தேன். நிற்காத தட்டுதான். போனின் ஒலியைக் குறைத்தேன். படம் தெளிவாக இருந்தது. அந்த அம்மாள் கேமராவையே பார்த்துக்கொண்டு தட்டினார். கேமராவுக்கு இந்தப் பக்கம் மகள் இருக்கிறாள் என்று நினைத்திருப்பார். நம்பர் எழுதிய தாள் என் முழங்கைக்கு அடியில் இருந்தது. ஒன்பது நிமிடம் என்று நினைக்கிறேன். கரண்டி கீழே விழுந்த பிறகு போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு பேசப் போனேன்.

நன்றாகப் பேசினேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை, கூடம் கப்சிப். தாளக்காரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், நான் தேர்ந்தெடுத்த நாற்காலியில். முடிந்ததும் முதலில் கைதட்டியது அவள்தான். அலமாரியைத் திறந்து போனைக் கொடுத்தபோது, "சத்தமே இல்லம்மா, அமைதியா இருக்காங்க" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இருபது நாள் கழித்து அவள் புதுப் படிவம் அனுப்பினாள். மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தாள். வீட்டிலிருந்து வேலை பார்க்க அன்றைக்கே அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.