பாதியில் உருவிய பென் டிரைவ்

மேடையில் வீற்றிருக்கும் ஏரிக்கரைப் பாசனதாரர் சங்கத் தலைவர் பலராமன் ஐயா அவர்களே! ஒதியம்பட்டிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரஞ்சனியின் கணவர் முத்துக்குமரன் அவர்களே! பாகூர் ஏரித் தண்ணீரை நம்பி நெல் வைத்திருக்கும் என் ஊர்ச் சொந்தங்களே! மணவாளனின் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவன் சந்தோஷமாகப் பேசலாமா? நான் பேசப்போகிறேன். தப்பென்றால் திட்டிக்கொள்ளுங்கள். இன்று காலை பத்தே முக்காலுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு என்னால் குரலைத் தாழ்த்த முடியவில்லை. அதோடு, ஆறு வருஷமாக ரஞ்சனி பேரில் இருக்கும் ஒரு பழியை இறக்கிவைக்காமல் நான் இந்த மைக்கை விடப்போவதும் இல்லை.

யார் இந்த ரஞ்சனி? யாருக்கு எந்த நாள், எந்த நேரம் மடைத் தண்ணீர் என்று உங்கள் சங்கத்துக் கம்ப்யூட்டர் பட்டியல் போடுகிறதே, அந்த மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் பழசை எடுத்துவிட்டுப் புதுசை உட்காரவைக்கும் இன்ஸ்டாலரைச் செய்தவர். எங்கள் நிறுவனத்தின் மென்பொருள் பொறுப்பாளர். என்னைவிடப் பதினான்கு வயது சிறியவர். வாதாடினால் நான்தான் தோற்பேன்.

பழசை எடுப்பதில் என்ன பெரிய வித்தை? எப்போது எடுப்பது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது! வேலை தொடங்கும் முன்பே எடுத்துவிட்டால், புதுசு பாதியில் நின்றால் இரண்டுமே இல்லை. வேலைக்குள்ளேயே வைத்து எடுத்தால், பாதியில் நின்றாலும் விண்டோஸ் பழசைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும். ஒரே ஒரு வரி எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஆறு வருஷத்துக்கு முன் அந்த மார்கழி உங்களுக்கு மறக்காது. கதிர் பால் பிடிக்கும் நேரம். புதுப் பதிப்பைப் போடும்போது ஆன்டிவைரஸ் ஒரு ஃபைலை மறித்தது, வேலை நின்றது. பழசும் போயிற்று, புதுசும் வரவில்லை. சங்க வாசலில் நாற்பது பேர். பலராமன் ஐயா ரஞ்சனியைப் பார்த்து, "இன்னாமா, இருந்ததையும் தொடைச்சிட்டியா?" என்று கேட்டார். "தப்பு என்னுதுதான் ஐயா" என்றார் ரஞ்சனி. பழைய பதிப்பைத் திரும்பப் போட்டு, ஒரு மணி நேரத்தில் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். ஆனாலும் அன்றிலிருந்து அவர் கை வைத்த எதையும் இந்தச் சங்கம் நம்பவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அவர் முடித்த கடைசி இன்ஸ்டாலரை இன்று காலை எடுத்து வந்தேன். வியாழக்கிழமை மடை திறக்கப்போகிறது. ஐயா கையை நீட்டித் தடுத்தார். அந்தப் பொண்ணு செய்ததா, வேணாம்பா என்றார். எனக்கு வந்ததே கோபம்! செத்த பிறகும் இப்படியா என்று கேட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டும் ஐயா.

அவர் தடுத்ததையும் மீறிப் பென் டிரைவைச் செருகி ஓட்டினேன். பழசு போனது, புதுசு ஏறிக்கொண்டிருந்தது. அறுபது சதவீதம் தாண்டியதும், எல்லோர் கண்ணெதிரே, வேண்டுமென்றே பென் டிரைவை உருவினேன்! இன்ஸ்டாலர் கத்தியது. ரத்து செய் என்று அமுக்கினேன். பச்சைக்கோடு பின்னால் நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, பழைய பதிப்பு அப்படியே வந்து நின்றது! நூற்று எண்பத்து மூன்று பேர், ஒரு பெயர் குறையவில்லை. ஐயாவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரைத் தேடிப் பார்த்தார். அப்புறம் அவரே, "சரிபா, மறுபடி செருவு" என்றார். இப்போது புதுப் பதிப்பு ஓடுகிறது. பழசு சுத்தமாகப் போய்விட்டது.

இவ்வளவு தெரிந்தவரா அன்றைக்குத் தப்புச் செய்தார்? யோசித்தீர்களா?

அந்த வரியை முன்னால் தூக்கி வைத்தவன் நான். வேண்டாம் சார், உள்ளே வையுங்கள் என்று ரஞ்சனி மூன்று முறை சொன்னார். நான் எழுதிய மென்பொருள் ஏன் பாதியில் நிற்கும் என்று திமிராகக் கேட்டேன். அன்று ஐயா கேட்டபோது அவர் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், ஏம்மா அப்படிச் சொன்னே என்று கேட்டேன். "உங்க ஊரு சார். நாளைக்கும் நீங்க இவங்க முகத்துலதான் முழிக்கணும். நான் ஒதியம்பட்டுக்குப் போயிடுவேன்" என்றார்.

முத்துக்குமரன், உங்கள் மனைவி எழுதிய வரிசையை நாங்கள் யாரும் மாற்ற மாட்டோம். அவர் நாற்காலிக்கு யார் வந்தாலும், முதல் நாளே இன்ஸ்டாலர் ஓடும்போது பென் டிரைவை உருவிக் காட்டச் சொல்வேன். பழசு திரும்பி வந்தால்தான் அந்த இன்ஸ்டாலர் பாகூருக்கு வரும். இது உறுதி.

பலராமன் ஐயா, அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். துடைத்தது ரஞ்சனி இல்லை, இந்த மணவாளன். நாளைக்கும் நான் உங்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். விழிக்கிறேன்.