மூன்றாவது சீசன்

தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர்களுக்கு முதுகுவலி வருவது சகஜம். இருபது வருஷம் உட்கார்ந்தே பிழைத்தவள் நான். எனக்கு நாற்பத்தாறு வயதில் வந்தது. இந்த நாற்காலி பரவாயில்லை. வக்கீல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கேளுங்கள். மறைக்கிற மாதிரி எதையும் நான் செய்ததாக நினைக்கவில்லை.

‘ஐந்தாம் வார்டு’ தொடரை நீங்களும் பார்ப்பதாகச் சொன்னீர்கள், நன்றி. அதில் மார்னி என்கிற நர்ஸ், நோயாளிகளுக்குப் போக வேண்டிய வலிமருந்தைத் திருடித் தானே போட்டுக்கொள்கிறாள். வார்டிலேயே கெட்டிக்கார நர்ஸும் அவள்தான். அந்த மார்னி என் தங்கை நெலியா. பேட்டிகளில்கூட இதை நான் ஒளித்ததில்லை.

நெலியா ஹாமில்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சை வார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். கனத்த நோயாளி ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது தோள் பிசகியது. முதலில் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, பிறகு எழுதிக் கொடுக்காத மாத்திரை, அதற்கும் பிறகு வார்டின் மருந்து அலமாரி. பிடிபட்டாள், லைசென்ஸ் போயிற்று. மறுவாழ்வு மையத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டுவாள். அம்மாவிடம் சொல்ல முடியாது. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து, மீன்கடையில் நின்று எங்களை வளர்த்தவள் அம்மா. சர்ச்சில் யார் விசாரித்தாலும், "சின்னவ உசுரைக் காப்பாத்தறா, பெரியவ டிவிக்குப் பொய் எழுதறா" என்பாள். நெலியா வேலையிழந்து மையத்தில் கிடந்த நாளிலும் அப்படித்தான் சொன்னாள். நான் ஒரு வார்த்தை திருத்தவில்லை. தொடர் வருவதற்குள் அம்மா போய்விட்டாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நெலியாவைக் கேட்காமல் நான் எழுதவில்லை. மையத்திலிருந்து வந்த மாதமே கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, "யாராவது ஒருத்தி பார்த்துட்டு நிறுத்தினாலும் போதும்க்கா, எழுது" என்றாள். டொராண்டோவில் படப்பிடிப்புக்கும் வந்தாள். மார்னியாக நடிக்கும் ஹேலிக்கு ஊசியைப் பிடிக்கவும், மருந்துக் கணக்கு கேட்கும் தலைமை நர்ஸின் கண்ணைப் பார்த்தே பொய் சொல்லவும் கற்றுக்கொடுத்தாள். எது தப்பாக இருந்தாலும் விடமாட்டாள். "மார்னி இங்க அழமாட்டா, டெல்ஃபினா. அழ நேரம் ஏது? அடுத்த படுக்கையில மணி அடிச்சிட்டிருக்கும்" என்று எல்லார் முன்னாலும் என்னைப் பேர் சொல்லித் திருத்துவாள். அந்தத் தொடருக்குக் கிடைத்த பெயரில் பாதி அவளுடையது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு சீசன் முடிந்தபோது அவள் மருந்தை விட்டு மூன்று வருஷம் ஆகப்போகிறது. லைசென்ஸ் திரும்பக் கிடைத்திருந்தது. ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மருந்து அலமாரிச் சாவி மட்டும் அவள் கைக்கு வரக்கூடாது என்று நிபந்தனை. கொஞ்சம் சதைபோட்டு நன்றாக இருந்தாள். மார்னியும் குணமாகிவிட்டிருந்தாள். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். சேனலிலிருந்து ட்ரெவர் கூப்பிட்டார். "குணமான நர்ஸை யாரு பாப்பாங்க? நர்ஸ் வேணும்னா அவங்கவங்க பக்கத்து வீட்டிலயே இருக்கா. திரும்ப மருந்துல விழவை, இல்லைன்னா மூட்டை கட்டு" என்றார்.

எழுதினேன். மார்னி நடுங்குகிறாள், அழுகிறாள், கண்ணாடியை உடைக்கிறாள். நெலியா படித்துவிட்டுச் சிரித்தாள். "இவ சினிமால வர்ற குடிகாரி, அக்கா" என்றாள். அப்படியென்றால் உண்மையில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். தெரியாது, இன்னும் தான் திரும்ப விழவில்லை என்றாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்காகத்தான் செய்தேன் என்று யாராவது சொன்னால், அது சின்னத்தனமான விளக்கம்.

மார்ச்சில் எனக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தங்கை நர்ஸாக இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவது? இரண்டு வாரம் விடுப்பு போட்டு வந்தாள். வாசலிலேயே, கோட்டைக்கூடக் கழற்றாமல், "உன் வலிமாத்திரை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியவேணாம்" என்றாள். எண் பூட்டு வைத்த இரும்புப்பெட்டி ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தேன். அம்மாவின் பிறந்தநாளைத்தான் எண்ணாக வைத்தேன். வேறு எண் எனக்கு மனதில் நிற்காது.

ஆறு நாள் பெட்டியை யாரும் தொடவில்லை. நெலியா எனக்குக் கீரைசூப் வைத்துக் கொடுத்தாள், கைத்தாங்கலாகக் குளியலறைக்கு நடத்திப் போனாள், தினமும் நாலு மணிக்கு, மருந்தை விட்டவர்கள் கூடுகிற தன் கூட்டத்துக்குப் போய்வந்தாள். ஏழாம் நாள் பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வரும் அல்லவா? அவள் வந்தாள், பார்த்தாள், பெட்டியை மூடிப் பூட்டினாள். எட்டாம் நாளும் திறந்திருந்தது. மறுபடி பூட்டினாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் இரண்டு மாத்திரை குறைந்திருந்தது.

நடுக்கமில்லை, அழுகையில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முகம் தெளிந்துபோய், மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டே என் தலையணை உறைகளையெல்லாம் எடுத்து இஸ்திரி போட்டாள். ஏற்கெனவே இஸ்திரி போட்டிருந்ததையும் விடவில்லை. என் தலையை மெதுவாகத் தூக்கிச் சூடு ஆறாத உறையை அடியில் வைத்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவ்வளவு பாசமாக அவள் என்னைத் தொட்டதில்லை. திரும்ப விழுகிற நர்ஸ் முன்னைவிட நல்ல நர்ஸாகிவிடுகிறாள். இதை எந்த எழுத்தாளராலும் வீட்டு மேஜையில் உட்கார்ந்து கற்பனை செய்திருக்க முடியாது. அவள் அடுத்த அறைக்குப் போனதும் எழுதிவைத்தேன்.

அந்தப் பச்சை நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘நெலியா, மூன்றாவது சீசன்’ என்று இருப்பதையும், தேதி அறுவை சிகிச்சைக்கு ஐந்து நாள் முந்தையது என்பதையும் சுட்டிக்காட்டினீர்கள். தேதி சரிதான். எந்த வேலையையும் முன்கூட்டித் திட்டமிட்டே செய்வேன்.

மே மாதமே என் முதுகு சரியாகிவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று முறை மருந்து வாங்கினேன். வலிக்கிறது என்று சொன்னால் டாக்டர் நம்பாமல் என்ன செய்வார்? வசனம் எழுதுகிறவள் நான். நெலியா ஞாயிறுதோறும் சாப்பிட வருவாள். கருவாட்டுக் குழம்பும் உருளைக்கிழங்கும் வைப்பேன். அவள் கைகழுவப் போய்வர நேரமாகும், நான் கேட்கமாட்டேன். தெருவில் எதெதையோ கலந்து விற்கிறார்கள், உங்களுக்குத் தெரியாததா? என் வீட்டில் இருந்தது சுத்தமான மருந்து. ஒரு மாத்திரைகூட நான் அவள் வாயில் போட்டதில்லை.

அக்டோபரில் அந்தப் பகுதி ஒளிபரப்பானது. மார்னி பாடிக்கொண்டே தலையணை உறைகளுக்கு இஸ்திரி போடுகிற காட்சியைப் பத்திரிகைகள் கொண்டாடின. சஸ்காச்சுவானிலிருந்து ஒரு நர்ஸ், ‘என் உயிரைக் காப்பாற்றினீர்கள்’ என்று கடிதம் எழுதினாள். அம்மா இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு நெலியா வந்தாள். சாப்பிட உட்காரவில்லை. சமையலறையில் சுவரோரம் நின்றாள். ரொம்ப இளைத்திருந்தாள்.

"இஸ்திரி போட்டது நான்" என்றாள். "அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை.

"அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேன்க்கா. ரெண்டே மாத்திரை. நீ கேப்பேன்னுதான் அந்த ரூமுலயே நின்னு இஸ்திரி போட்டேன்."

"நிறுத்தியிருக்க மாட்ட" என்றேன். "உன்னை எனக்குத் தெரியும்."

"என்னைத் தெரியாது உனக்கு. நீ எழுதறவளைத்தான் தெரியும்."

நல்ல வசனம். ஆனால் நியாயமில்லை. இனி இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை என்றாள். முதியோர் இல்லத்தில் சந்தேகப்பட்டு வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்களாம். மையத்தில் இடம் கிடைக்கப் பத்து நாள் ஆகுமாம். அந்தப் பத்து நாளை நினைத்துப் பாருங்கள். மருந்தில்லாமல் ஒருத்தி படுகிற பாட்டை இரண்டு சீசன் எழுதியவள் நான். எனக்கு மனம் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து, அன்று காலைதான் வாங்கிய புட்டியை அவள் கோட்டுப்பையில் போட்டேன். அறுபது மாத்திரை. அவள் குனிந்து பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எடுத்துத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுப்பாளா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். அதையும் நோட்டில் பார்த்திருப்பீர்கள். என்ன நடக்கும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஒன்று நடக்கும், இல்லையென்றால் மற்றது நடக்கும். இரண்டில் எதுவானாலும் சீசனுக்கு முடிவு கிடைத்துவிடும் என்றும் தெரியும். இதைத்தான் வாக்குமூலம் என்கிறீர்கள் என்றால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசிப் பகுதி இன்னும் எழுதி முடிக்கவில்லை. அதை அவளுக்குத்தான் சமர்ப்பிக்கிறேன், ட்ரெவர் சம்மதித்துவிட்டார். புதன்கிழமை அவளுடைய அறைக்குள் முதலில் போனது நீங்கள்தான் என்று கேள்விப்பட்டேன். அதனால் உங்களிடம் கேட்கிறேன். கட்டிலில் இருந்தாளா, தரையிலா? செருப்பைக் கழற்றியிருந்தாளா? யாரையாவது கூப்பிடப் பார்த்த மாதிரி போன் கைக்குப் பக்கத்தில் இருந்ததா? அவசரமில்லை, நன்றாக நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். தப்பாக எழுதினால் நெலியா பொறுத்துக்கொள்ள மாட்டாள்.