ஒன்பதாம் கேள்வியின் மைனஸ்

லெட்டரா? தப்பு என்னோடதுன்னு நானே எழுதி, சீல் வெச்சுக் கையெழுத்தும் போடணுமா? நல்லாருக்கு மேடம். உக்காருங்க, ஃபேன் அந்தப் பக்கம்தான் திரும்பும்.

உங்க டியூஷன் சென்டர் சூர்யநாராயணன் சார், ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் பூரா போஸ்டர்ல சிரிக்கிறாரே, அவருக்குக் கேள்வித்தாள் டைப் பண்றப்ப ஒரு சமன்பாட்டை நேரா நிறுத்தத் தெரியாது. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளுவாரு. ஈக்குவல் எல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வரணும்ல? அவரு அடிச்சா, ஆட்டோ ஸ்டாண்டுல வண்டி நிக்கிறாப்ல ஆளுக்கொரு பக்கம் நிக்கும். நான் சரி பண்ணி வெச்சா இன்னா சொன்னாரு தெரியுமா? வேதசிரோமணி, கணக்கை நான் பாத்துக்கறேன், நீ வந்ததை அப்படியே பிரிண்ட் போடுன்னாரு. கடை நிறைய ஆளுங்க இருக்கச்சே.

சரின்னு அப்படியே போட்டேன்.

உங்க ஃப்ரீ சீட்டுப் பரீட்சையில ஒன்பதாவது கேள்வி. மைனஸ் நாலு எக்ஸ், ப்ளஸ் முப்பது, ஈக்குவல் பத்து. அந்த மைனஸ், நாலோட ஒட்டி நிக்கணும். சார் தட்டின தட்டுல ஒன்பதுக்கு அப்புறம் வர்ற புள்ளி காணாமப் போயி, மைனஸ் ஒன்பதுகிட்ட போய் ஒட்டிக்கிச்சு. பாக்கறவங்களுக்குக் கேள்வி நம்பர் பக்கத்துல போடற கோடு மாதிரிதான் இருக்கும். அத்தனை பசங்களும் மைனஸை விட்டுட்டுப் போட்டாங்க. ஒரே ஒரு பொண்ணு சரியாப் போட்டுச்சு.

பேப்பர் லீக்கா? சும்மா இருங்க மேடம். மத்த கேள்விக்கெல்லாம் நம்பருக்கு அப்புறம் புள்ளி. இதுக்கு மட்டும் ஏன் கோடுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சா போதும். உங்க சாரே யோசிக்கல, பாவம், போஸ்டருக்குப் போஸ் குடுக்கவே நேரம் சரியாப் போவுது.

நான் லெட்டர் குடுத்தா ஒன்பதாவதை எடுத்துடுவீங்க. ரெண்டு மார்க் கேள்வி. அந்தப் பொண்ணு ஒரு மார்க்லதான் முந்தியிருக்கு. ரெண்டு வருஷ ஃப்ரீ சீட்டு அடுத்த பையனுக்குப் போயிடும். தர மாட்டேன்.

அந்தக் கோட்டை நான் பாக்கலையாவா? பாத்தேனே. கடைசி ப்ரூஃப்லயே பாத்தேன். நகத்தி வைக்க ஒரு நொடி ஆவும். நகத்தல. வூட்ல யார்கிட்டயும் மூச்சு விடல, அது சத்தியம். சின்னதுலேர்ந்து இந்த டேபிள்ல உக்காந்து எனக்கு ப்ரூஃப் பாக்கற புள்ள, அதுக்குச் சொல்லணுமா இன்னா?

உங்க லிஸ்ட்ல வி. ஜெரூஷான்னு இருக்கா? அந்த வி நான்தான் மேடம்.