ரெண்டாவது கியர்

மீன்பிடித் தடைக்காலம். ஜெகதாப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கி போகும் மதிய பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். எனக்கு முன் சீட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர் ஒருவரும், அவருக்குத் தெரிந்த கார் மெக்கானிக்கும்.

“கடல்ல நாள் பூரா ஓடுனாலும் எஞ்சின் கொதிக்காதுண்ணே. இப்ப வாங்குன காரு கட்டுமாவடி போறதுக்குள்ள ஆயில் கொதிக்குது,” என்றார் படகுக்காரர்.

“போட்டு எஞ்சினக் குளுத்தக் கடல்தண்ணி இருக்குப்பா. நீ வாங்கியிருக்கது பழசுன்னாலும் பாயிற காரு. வெரட்டுனியா?”

“எழுபதத் தாண்டலண்ணே. ஆயில் கூலர் போட்டுருவமா?”

“எந்த கியர்ல போன?”

“ரெண்டாவது.”

“அம்புட்டுத் தூரமுமா? கூலர் எதுக்கு? கியர மாத்து, சூடு தானா எறங்கிரும்.”

படகுக்காரர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“மாத்துனா சத்தம் அடங்கிருதுண்ணே. ரெண்டாவதுல போனா, வலை இழுக்கையில படகு எஞ்சின் போடுற அதே சத்தம். கண்ணாடிய எறக்கிவிட்டா உப்புக்காத்தும் வருது. கடலுக்குப் போயி ஒரு மாசமாச்சு.”

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

“சரி, கூலர் போட்டுத் தாரேன். கடலுக்குப் போறதுக்கு மொத நாள் வந்து கழட்டிக்க.”