பதினேழு வரிக்கு இத்தாலி பாஷை

இல்ல மேடம், போன்லயே மாத்திக் குடுத்துடும்னு எல்லாரும்தான் சொன்னாங்க. என் பையன் இத்தாலி மெஷின் புஸ்தகத்துல மொதப் பக்கத்தை மட்டும் போட்டோ புடிச்சுக் காட்டினான். கைகள் பாதுகாப்பைச் சாப்பிடக் கூடாதுன்னு வந்துது. அதைக் கொண்டுபோய் ஜட்ஜ் முன்னாடி வெச்சா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு.

அதான் டீச்சர் வெச்சுக் கத்துக்கிட்டேன். பதினாலு மாசம். வாரத்துக்கு ரெண்டுன்னு நூத்திப் பன்னண்டு கிளாஸ், நாலு நாள் போவல, நூத்தி எட்டு. நோட்டுல ஆயிரத்து முந்நூத்தி நாப்பது வார்த்தை இருக்கு. எனக்கு அறுபத்தேழு வயசு, எட்டாவதோட படிப்பு நின்னுடுச்சு. நீங்க சிரிச்சாலும் தப்பில்ல மேடம், எங்க வீட்டுல சிரிக்காத சிரிப்பா. கேஸ் சிலிண்டர் போடறவன்கிட்டயா இத்தாலில பேசப் போறீங்கன்னு கேட்டா.

ஒரு பக்கத்தைக் காட்டி டீச்சரையே எழுதித் தரச் சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. ஒரு நாள் வேலைதான். சொல்றேன். அதுக்கு மின்ன கேஸைச் சொல்லிடறேன், லாசரஸுக்கு நீங்க மூணாவது வக்கீல், ஃபைலு மட்டும் பாத்தா புரியாது.

மறைமலை நகர்ல அந்தக் கம்பெனில நான் செட்டர். ஆபரேட்டர் வந்து நின்னதும் ஓட்டற மாதிரி மெஷினைத் தயார் பண்ணிக் குடுக்கறது என் வேலை. லாசரஸு ஆபரேட்டர். இத்தாலிலேருந்து வந்த பிரஸ் மெஷினு. தகடு வெச்சா மேலேருந்து எறங்கி அடிக்கும். ஒம்பது வருஷம் ஆவுது, சோத்துக் கை, கட்டை வெரலைத் தவிர நாலும் போச்சு.

கம்பெனி என்ன சொல்லுது, அந்த மெஷினுக்கு ரெண்டு பக்கமும் பட்டன், ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அழுத்தினாத்தான் எறங்கும், அப்ப கை எப்படி உள்ள போச்சு, இவனே ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கான்னு. இவன் என்ன சொல்றான், நான் சேந்த நாள்லேருந்து ஒரு பட்டன்லதான் ஓடுச்சுன்னு. இன்ஸ்பெக்டர் வந்து பாத்தப்ப ரெண்டு பட்டனும் வேலை செஞ்சுது. அப்படியே ரிப்போர்ட்ல எழுதிட்டாரு. ஒம்பது வருஷமா லாசரஸு பொய்க்காரன்.

ஒரு பட்டன்ல ஓட்டறதுக்கு மெஷின் செஞ்சவனே வழி வெச்சிருக்கானா இல்லியா, அது புஸ்தகத்துலதான் இருக்கும். கம்பெனி கோர்ட்டுக்கு ஒரு இங்கிலீஷ் காப்பி குடுத்துது. எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனா படத்துக்குக் கீழ நம்பர் போட்டிருக்குல்ல, அதை எண்ணிக்கிட்டே வந்தேன். இருவத்தி ரெண்டுக்கு அப்புறம் முப்பத்தி ஒண்ணு. எட்டுப் படம் காணோம். ரெண்டு வக்கீல் பாத்தாங்க, ஒருத்தரும் எண்ணல. நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு இத்தாலிப் புஸ்தகத்தைச் சாப்பாட்டுப் பையில வெச்சு எடுத்தாந்துட்டேன். இரநூத்திப் பதினாலு பக்கம். அந்த எட்டுப் படமும் அதுல இருக்கு.

டீச்சர் பேரு அருள்மேரி. கேம்ப் ரோட்டுல வீடு. இத்தாலில கன்னியர் மடத்துல இருவத்தி ரெண்டு வருஷம் இருந்துட்டு, வேணாம்னு வெளிய வந்தவங்க. ஏன் வந்தாங்கன்னு நான் கேக்கல, அவங்களும் நீங்க எதுக்குக் கத்துக்கறீங்கன்னு ரெண்டாந்தரம் கேக்கல. அங்க காலேஜ் படிக்கப் போற பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறாங்க. மொதல்ல என்னையும் அவங்களோடதான் ஒக்கார வெச்சாங்க. ஜோஸ்வின்னு ஒரு பொண்ணு, தாத்தா, நீங்க எந்த யூனிவர்சிட்டின்னு கேட்டுது. தப்பா கேக்கல, நெஜமாவே கேட்டுது. நான் அடுத்த நாள் போவல. அப்புறம் டீச்சரே போன் பண்ணி, காலைல ஏழு மணிக்குத் தனியா வாங்கன்னாங்க. கூடுவாஞ்சேரில அஞ்சே முக்கால் வண்டி புடிச்சேன்னா ஆறரைக்கெல்லாம் அவங்க கேட்டாண்ட நிப்பேன்.

எனக்கு மெஷின் வார்த்தை மட்டும் போதும்னு சொன்னேன். தன் பேரைச் சொல்லத் தெரியாதவருக்கு மெஷின் எதுக்குன்னுட்டாங்க. மி கியாமோ மோகன்ராஜ். அதைச் சொல்றதுக்கே எனக்கு மூணு வாரம். நோட்டுல எழுதச் சொன்னா எத்தனை பக்கம் வேணா எழுதுவேன், ஒரு தப்பு இருக்காது, வாயைத் தொறன்னா தொறக்காது. நேத்து என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. சாப்பிட்டேன், தூங்கினேன். எத்தனை புள்ளைங்க. ஒண்ணு. என்ன வேலை பாத்தீங்க. அங்க நிறுத்திடுவேன். உங்க கையெழுத்து நல்லா இருக்கு, ஆளைத்தான் காணோம்னு ஒரு நாள் சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

போன மாசம், கம்பெனி காப்பில இல்லாத அந்தப் பக்கம் முழுசாப் புரிஞ்சுது. ஆறாவது பாகம், பதினேழு வரி. இந்தாங்க, தமிழ்ல எழுதியிருக்கேன். நீங்க படிங்க, இல்ல, நானே படிக்கறேன். இந்த மெஷின் ரெண்டு கையால மட்டுமே இயக்கப்படும். ஒரு பட்டனை ஒயர் போட்டோ வேற வழியிலயோ செயலிழக்கச் செய்யக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் ஒருபோதும் கூடாது. ஒருபோதும் கூடாதுக்கு அவங்க வார்த்தை மாய். அந்த ஒரு பக்கத்துல நாலு எடத்துல வருது.

சந்தோஷப்படாதீங்க மேடம். ஒரு பட்டன் வழி இருக்குன்னு எழுதியிருந்தா நமக்கு நல்லது. இல்லன்னு எழுதியிருக்கு. இதை அப்படியே குடுத்தா கம்பெனி என்ன சொல்லும், பாருங்க, மெஷின் செஞ்சவனே ஒயர் போடாதன்னு சொல்லியிருக்கான், லாசரஸு போட்டுட்டான்னுதான் சொல்லும். அவன் போடலன்னா வேற யாரு போட்டதுன்னு ஒரு ஆளைக் காட்டணும். இல்லன்னா இந்தக் காயிதம் அவனுக்கு எதிரா திரும்பிடும்.

ஆமா. நீங்க கேக்கற அதேதான் டீச்சரும் கேட்டாங்க. முந்தாநேத்துதான் மொத மொதல்ல இந்தப் பக்கத்தை அவங்களுக்குக் காட்டினேன், தப்பு இருந்தா திருத்தச் சொல்லி. ரெண்டு எடத்துல திருத்தினாங்க. அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டு இத்தாலிலயே கேட்டாங்க, ஒயரு போட்டது யாருன்னு.

லோ ஃபாத்தோ ஈயோன்னேன். நாந்தான் பண்ணேன்னு அர்த்தம். பதினாலு மாசத்துல அவங்க கேட்டதும் பட்டுன்னு வாயில வந்த வார்த்தை அது ஒண்ணுதான். இத்தாலில சொல்றது சுளுவா இருந்துது மேடம். அந்த பாஷைல என்னை யாருக்கும் தெரியாது.

ரெண்டு கையால ஓட்டினா ஷிப்டுக்கு ஆயிரத்து ஐநூறு பீஸு. ஒரு பக்கம் ஒயரு போட்டுக் கட்டிட்டா ஒரு கை தகடு வைக்கும், ஒரு கை அழுத்தும், ரெண்டாயிரத்து நூறு. மேனேஜருக்குத் தெரியும். எப்படி ஏறுச்சுன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. அந்த வருஷம் நல்ல செட்டர்னு எனக்கு மேடைல குக்கர் குடுத்தாங்க. அஞ்சு லிட்டர்.

அடிபட்ட அன்னிக்கு எல்லாரும் அவனை வேன்ல ஏத்திக்கினு இருந்தாங்க. நான் கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரை வெட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். பீஸு எண்ணற கவுண்டர் ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தி நாலுல நின்னுது. இன்ஸ்பெக்டர் மூணரைக்கு வந்தாரு.

அதனாலதான் மேடம் யார்கிட்டயும் காட்டல. ஒரு பட்டனை நிறுத்தலாம், செட்டர் நிறுத்தலாம்னு எங்கனா ஒரு வரி இருந்துச்சுன்னா நான் தப்பு பண்ணல, லாசரஸும் பொய் சொல்லல. இல்லன்னா, இல்லன்னு தெரிஞ்சது நான் மட்டுமா இருக்கட்டும். அதுக்குத்தான் ஒரு பாஷையே கத்துக்கிட்டேன். இல்லன்னு போன மாசம் தெரிஞ்சுது. அப்பவும் மூணு வாரம் பேசாமதான் இருந்தேன். லாசரஸு இன்னிக்கு வரைக்கும் நான் அவனுக்காகப் படிக்கறேன்னு நெனைச்சுக்கினு இருக்கான். கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கே கேக் கொண்டாந்து குடுத்தான், இடது கையால.

அவனுக்கு அந்தப் பட்டன் எதுக்குன்னே தெரியாது மேடம். வேலைக்கு வந்த மொத நாளே கேட்டான். அண்ணே, அந்தாண்ட ஒரு பட்டன் இருக்கே, அது எதுக்குன்னு. அது சும்மா அழகுக்கு வெச்சிருக்கான், நீ இதை மட்டும் அழுத்துன்னு சொல்லிக் குடுத்தேன்.

பேனாவை எடுங்க மேடம். வியாழக்கிழமை வாய்தா, இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு.