மேல்மடுவுக்குப் பன்றி கொடுத்தது பற்றி சும்பிங் சொன்னது

என் பெயர் சும்பிங், தகப்பனார் பெயர் மஜாபின், வயது நாற்பத்தொன்று, டூசுன் இனம், மலேசியாவின் சபா மாநிலத்து ரூண்டிகான் கிராமம். அரசாங்கம் காக்கும் மலைக்காட்டுப் பூங்காவுக்குள் ஊராருக்கென்று விட்ட பகுதியில் அனுமதிச் சீட்டு வாங்கி மலைநெல் விதைத்துப் பிழைக்கிறேன்.

எங்கள் ஆற்றின் மேல்மடுவை ஊரே சேர்ந்து பூட்டி வைத்திருக்கிறோம். அதைத் தகால் என்போம். வருஷத்தில் ஒரு நாள் ஊர்த்தலைவர் கிந்தாப் திறந்துவிட்டால் எல்லோரும் இறங்கிப் பிடிக்கலாம், மற்ற நாளில் தூண்டில்கூடப் போடக் கூடாது. முன்பு மீனுக்கு வெடி வைத்து வைத்து ஆறு வெறும் கல்லாகக் கிடந்தது. பூட்டிய பிறகு மீன் பெருகிற்று, நீர்நாயும் வந்தது. பூங்காக்காரர்களும் இதற்குச் சம்மதித்தவர்கள்தான்.

போன மாதம் அறுவடை முடிந்து ஒரு காலையில் தண்ணீருக்குப் போனபோது மடு முழுக்க மீன் செத்து மிதந்தது. யாரோ தூபா என்ற விஷக்கொடியின் வேரை நசுக்கிக் கரைத்திருந்தார்கள். நான் போட்ட கூச்சலில் ஊர் கூடியது. செய்தவன் யார் என்று தலைவர் கேட்டார், நான் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அதன் பிறகு ஊரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. என் மகள் லோஜினாவும் படுத்துவிட்டாள், கிளினிக் மருந்துக்கும் இறங்கவில்லை. செய்தவன் ஒரு பன்றியை வெட்டி ரத்தத்தை விட்டு ஆற்றைக் குளிர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குற்றத்தின் சூடு பிள்ளைகள்மேல் இறங்கும் என்பது எங்கள் வழக்கம். அவன் வரவில்லை. அதனால் நான் என் பன்றியை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனேன்.

தலைவர், "நீயா செஞ்சே? நீ எதுக்கும்மா குடுக்கறே?" என்றார்.

"எவன் செஞ்சா என்ன, படுத்துக் கெடக்கறது என் புள்ள. வெட்டுங்க பெரியவரே" என்றேன்.

ரத்தத்தை மடுவில் விட்ட பின் கறி சமைத்து ஊரே சாப்பிட்டது. குற்றம் செய்தவன் அந்தக் கறியைத் தொடக் கூடாது. ஒரு தட்டு மட்டும் அப்படியே திரும்பி வந்தது. அது யாருடையது என்று பார்த்துக்கொண்டேன்.

நான் பன்றி கொடுத்ததைக் கேள்விப்பட்டு, நானே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பூங்கா அதிகாரிகள் என்மேல் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். நிரூபணமானால் சீட்டு பறிபோகும், வயலும் போகும். அங்கே விசாரித்த அதிகாரி, "செய்யாத தப்புக்கு அபராதம் கட்டின ஆள இப்பத்தாம்மா பாக்கறேன்" என்று சிரித்தார். "உங்க புள்ளைக்குக் கொதிச்சா சட்டப் பொஸ்தகத்தப் பொரட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா சார்?" என்று கேட்டேன். தூபா கொடி என் வயலோரம் இருப்பது உண்மை, ஊரில் எல்லார் வயலோரமும் இருக்கிறது. நான் கரைக்கவில்லை.

தட்டு திரும்பி வந்ததை நான் சொன்னதும், அந்தத் தட்டுக்காரன் பெயரைச் சொன்னால் என்னை விட்டுவிடுவதாக அதிகாரி சொன்னார். ஆறு குளிர்ந்த பிறகு பெயரை எடுத்தால் மறுபடி சூடேறும். லோஜினா நேற்றுத்தான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை. ஒரு பெயரைத் தெரிந்தே சொல்லாமல் விட்டேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லி, அதன் பிறகு கைரேகை வைத்தேன்.

(இடது பெருவிரல் ரேகை) சும்பிங்