கம்ப்யூட்டர் ரூமு கரண்டு

இருங்க சார், இருங்க, உள்ள போவாதீங்க. இப்பத்தான் தண்ணி போட்டுத் தொடச்சேன், தரை ஈரமா கீது. வழுக்கி வுழுந்து வச்சீங்கன்னா மெட்ராஸ்லேந்து வந்த இஞ்சினீயர் இடுப்பு ஒடிஞ்சிச்சுன்னு என்னத்தான் கேப்பாங்க. தோ, இந்த ஸ்டூல்ல குந்துங்க. மீட்டரு ரெண்டும் இங்கியே வெளிச் செவுத்துலதான கீது, குந்திக்கினே பாக்கலாம்.

சாவியா? எங்கிட்டதான் கீது. காயட்டும் சார், ஒரு பத்து நிமிசம்.

எம் பேரு செல்வமேரி. வூடு வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கம். போன வருசம், தொண்ணூறுல, இந்தக் கம்ப்யூட்டர லாரில கொண்டாந்து எறக்குன நாள்லேந்து இந்த ரூமப் பெருக்கித் தொடைக்கிறது நான்தான். எறக்குன அன்னிக்கே மேனேஜர் நரசிம்மன் சார் சொல்லிட்டாரு, செருப்பக் கயட்டு, தூசு ஆவாது, சூடு ஆவவே ஆவாதுன்னு. புதுப் பொண்ணு கூட இம்மாம் பவுசு பண்ணாது சார். அது ஒண்ணுக்கு ரெண்டு ஏசி. அந்தாண்ட ஷீட்டுக் கூரைக்குக் கீழ சோல்டரிங் புடிக்கிற பொண்ணுங்க முப்பது பேருக்கும் சேத்து ஒரு ஃபேனு, அதுவும் அனல வாரி மூஞ்சில அடிக்கும்.

இன்னா சார்? ஆமா, நானும் பாத்துக்கினுதான் கீறேன். கீழ் மீட்டர்ல சக்கரம் வேகமாத்தான் சுத்துது. அது ஏசிக்கு. மேல கீறது கம்ப்யூட்டருக்கு, அது பாவம், எப்பவும் ஒரே மாதிரி. ரெண்டுத்தயும் தனித்தனியா மாட்டுனது யாரு தெரியுமா? எலக்ட்ரீசியன் சாம்சன். கம்ப்யூட்டர் எவ்ளோ கரண்டு துன்னுது, அத்தக் குளுகுளுன்னு வச்சிக்க எவ்ளோ ஆவுதுன்னு தெரிய வாணாமாக்கான்னு சொல்லி, அவனா மேனேஜர்கிட்ட கேட்டு மாட்னான். தெனம் காலைல நோட்டுல எழுதுவான். கம்ப்யூட்டருக்குப் பத்து யூனிட்டுன்னா ஏசிக்குப் பன்னெண்டு. மாசக்கணக்கா அதேதான்.

சித்திரை பொறந்துச்சு, ஏசி பதினாறு ஆச்சு. வெயிலுன்னு வுட்டாங்க. இருபதத் தாண்டுனதும் மேனேஜர் புடிச்சிக்கினாரு. நீதான் ஏசி லைன்லேந்து ஒயர் இழுத்து வெளிய எவனுக்கோ கரண்டு வுடுற, யாருக்குன்னு சொல்லுன்னாரு. திருடுறவன் தெனம் நோட்டுல எழுதி வப்பானா சார்னு இவன் திருப்பிக் கேட்டான். சரியான கேள்விதான? அதுக்கு எதுத்துப் பேசுறான்னு சஸ்பெண்டு. பத்து நாளாச்சு.

நேத்து குன்றத்தூர்ல அவன் வூட்டுக்குப் போயிருந்தேன். அவன் சம்சாரம் மெர்சி டீ போட்டாந்து குடுத்தா. எங்கள யாருமே நம்பல, நீங்களாச்சும் வந்தீங்களேக்கான்னு அழுவுறா. இவன் இன்னாடான்னா, வேல போனாப் போவுது, அந்தக் கரண்டு எங்கதான் போவுதுன்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரலக்கான்றான். டீய அப்படியே வச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டேன் சார்.

ஆமா, நீங்க இன்னா எழுதப் போறீங்க? காரணம் கெடைக்கலன்னா திருட்டுன்னு எழுதிடுவீங்களா? இது இன்னா சார் ஞாயம்! காலைலேந்து செவுரு, கூரைன்னு ஒண்ணு வுடாம பாத்தீங்களே, ஒயர் எதனா வெளிய போச்சா? போவலல்ல? அத்த மொதல்ல எழுதுங்க.

ஏன் எந்திரிக்கிறீங்க? குந்துங்க, குந்துங்க. ஒண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாது. ஒரு ஆளு சும்மா குந்திக்கினு இருந்தாலே ஒரு குண்டு பல்பு எரியிற சூடுன்னு நேத்து மேனேஜர்கிட்ட சொன்னீங்களே, மெய்யாவா? அப்ப பதினோரு பேரு குந்தினா? பதினோரு பல்பா! அதுலயும் பின்கதவத் தெறந்து தெறந்து மூடினா? ஏசி குமிழ வேற கடேசி வரைக்கும் திருப்பி வுட்டுட்டு, திரும்ப வைக்க மறந்துட்டா?

சும்மாத்தான் கேட்டேன். அப்படிப் பாக்காதீங்க சார்.

தோ, ரெண்டாவது சங்கு ஊதிட்டான். சோத்து வேள முடிஞ்சுது. ஒரு நிமிசம் கீழ் மீட்டர் சக்கரத்தப் பாத்துக்கினே இருங்க. மெதுவாவுதுல்ல?

சரி, சொல்லிடுறேன். சித்திரைல, அந்த சோல்டரிங் லைன்ல சின்னப்பொண்ணுன்னு ஒருத்தி மயக்கம் போட்டு வுழுந்தா. தூக்கியாந்து இந்த ரூம்ல போட்டேன், கண்ணத் தொறந்தா. மறுநாளு சோத்து நேரத்துக்கு அவ வந்தா, கூட ரெண்டு பேரு. இப்ப பதினோரு பேரு. சோறு துன்றாங்க, அர மணி கால நீட்டிக்கினு இருக்காங்க, போறாங்க. அவ்ளோதான். சாம்சனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுக்கும் தனியா ஒரு மீட்டரு மாட்டியிருப்பான்.

எழுதிக்குங்க. கதவத் தெறந்து வுட்டது நான், ஏசியத் திருப்புனதும் நான். மேனேஜர்கிட்டயும் நானே வந்து சொல்றேன். சாம்சன் நாளைக்கே வேலைக்கு வரணும். அந்தப் பொண்ணுங்க பேரு மட்டும் வாணாம் சார்.

இப்பவே கதவத் தெறக்கணுமா? இல்ல சார், இன்னும் ரெண்டு நிமிசம் இங்கியே குந்துங்க. பத்து பேரு இந்நேரம் பின்கதவு வழியா லைனுக்குப் போய்ச் சேந்திருப்பாங்க. ஒருத்தியால ஓட முடியாது, எட்டு மாசப் புள்ளத்தாச்சி. எம் பொண்ணு ஜாய்.